மௌனத்துக்கு மைக் கட்டியவர்

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. கரண்ட் பில்லில் பார்க்கலாம். மற்றபடி ஊருக்கெல்லாம் அவர் 'சவுண்டு'தான். "சவுண்டு வந்தாச்சா?", "சவுண்டு இல்லாம என்னய்யா கூட்டம்?" என்றுதான் பேச்சு. அவருக்கும் அதில் பெருமை. படித்தவன் பெயருக்குப் பின்னால் நாலு எழுத்தை ஒட்டிக்கொள்கிறான். இவர் பெயரையே கழற்றிப் போட்டுவிட்டுத் தொழிலை மாட்டிக்கொண்டார். யார் கெட்டிக்காரன் என்று நீங்களே சொல்லுங்கள்.

பள்ளிக்கூடம் அவருக்கு ஒத்துவரவில்லை. வாத்தியார் பாடம் நடத்தும்போது இவர் பாடத்தைக் கேட்காமல் வாத்தியாரின் தொண்டையைக் கேட்டுக்கொண்டிருந்தார். கரகரப்பு ஜாஸ்தி, கடைசி பெஞ்சுக்குப் போய்ச் சேரவில்லை என்பது அவருடைய கருத்து. இந்தக் கருத்தை வாத்தியாரிடமே சொன்ன அன்றோடு படிப்பு முடிந்தது. பிறகு பழைய ஆம்ப்ளிஃபயர் ஒன்று, கூம்பு ஸ்பீக்கர் ஒன்று, கட்டிக்கொண்டு போக ஒரு சைக்கிள். இன்றைக்கு இரண்டு வேன், குடோன் நிறைய பெட்டி பெட்டியாக ஸ்பீக்கர், சொந்த வீடு. யார் காலிலும் விழவில்லை, யார் சிபாரிசும் இல்லை. இதை அவர் அடிக்கடி சொல்வார். அடிக்கடி என்றால், வாயில் பிரஷ் இருக்கும் நேரம் தவிர.

அவர் கதையில் வராத ஒரு ஆள் உண்டு. அவர் மனைவி. ஆரம்ப காலத்தில் எந்தக் கூட்டத்துக்குப் போனாலும் அந்த அம்மாள் கடைசி வரிசைக்குப் பின்னால் போய் நிற்பாள். சத்தம் போதவில்லை என்றால் கையை உயர்த்துவாள், அதிகமென்றால் தாழ்த்துவாள். இவர் அதைப் பார்த்துத்தான் குமிழைத் திருகுவார். கதை சொல்லும்போது மட்டும் அந்தக் கை எப்படியோ விட்டுப்போகும். மனிதனுக்கு எல்லாமா ஞாபகம் இருக்கும்?

சவுண்டுக்கு நிரந்தர வாடிக்கை இரண்டு. முதலாவது, பழைய மண்டபம். எவ்வளவு பழையது என்று யாருக்கும் தெரியாது. தெரியாததே அதற்குப் பெரிய மரியாதை. உயரமான கல் கூரை, குடம் கவிழ்த்த மாதிரி. அங்கே யாராவது தும்மினால்கூட அருள்வாக்கு மாதிரி நாலு தடவை திரும்பி வரும். அதன் தலைவரைப் 'பெரியவர்' என்பார்கள்.

இரண்டாவது, அமைதி இல்லம். அதன் வயது, குழந்தைக்குப் பால் பல் முளைக்கிற வயது. டயர் குடோனாக இருந்த தகரக் கொட்டகையை வாடகைக்கு எடுத்து, தரையில் கம்பளம் விரித்து, வெள்ளைப் பெயின்ட் அடித்திருந்தார்கள். நிறுவியவர் 'அமைதி ஐயா'. அதற்கு முன் அவர் தண்ணீர் மோட்டார் விற்றார். "சத்தமே வராது சார்" என்று சொல்லிச் சொல்லி விற்றவருக்கு, மோட்டார் இல்லாமல் அந்தச் சத்தமின்மையை மட்டும் தனியாக விற்கலாமே என்று ஒருநாள் ஞானம் வந்தது.

அவரே கடைக்கு வந்தார்.

"நம்ம நெறி மௌனம். மௌனத்தைப் பத்தி ஜனங்ககிட்ட பேசணும். எத்தனை ஸ்பீக்கர் வேணும்?"

சவுண்டு எத்தனையோ வாடிக்கையாளரைப் பார்த்தவர். முகத்தைச் சுளிக்கவில்லை. "மௌனம் எவ்வளவு தூரம் கேட்கணும்ங்க?"

"பஸ் ஸ்டாண்டு வரைக்கும்."

முதல் கூட்டத்தில் சரக்கு எடுபடவில்லை. ஐயாவுக்கு மூக்கில் வருகிற குரல். தகரத்துக்கு அடியில், கம்பளத்துக்கு மேலே, அது மோட்டாருக்கு கியாரண்டி சொல்கிற குரலாகவே இருந்தது. ஜனம் செல்போனை எடுக்க ஆரம்பித்தது. சவுண்டுக்குத் தொழில் மானம் பொறுக்கவில்லை. எக்கோ குமிழைக் கொஞ்சம் திருகினார். "நீ... நீ... யார்... யார்..." என்று குரல் உருண்டது. முதுகுகள் நிமிர்ந்தன. முன்வரிசையில் ஒரு ஆள் கண்ணைத் துடைத்தான். அன்றைக்குத்தான் அந்த மதம் பிறந்தது. பிரசவம் பார்த்தவன் நான்தான் என்று சவுண்டு கடை கடையாகச் சொன்னார்.

அப்படிப் பெருமையடித்துக்கொண்டு திரிந்தவர் வீட்டில்தான் அது முதலில் புகுந்தது.

பழைய பழக்கத்தில் சத்தம் பார்க்க வந்த மனைவி, கடைசி வரிசையில் நின்றாள். ஐயாவின் பேச்சு முடிந்ததும் ஒரு மணி நேரம் எல்லோரும் வாயைத் திறக்காமல் உட்கார வேண்டும். அவளும் உட்கார்ந்தாள். அடுத்த வாரம் தனியாகவே போனாள். அதற்கடுத்து வீட்டிலும் பேச்சு நின்றது. முதல் படி ஏறியவர்கள் 'இரைச்சல் மக்களிடம்' வார்த்தையைச் செலவழிக்கக் கூடாதாம். சவுண்டு வெறும் இரைச்சல் மக்கள் இல்லை. இரைச்சலை வாடகைக்கு விடுகிறவர்.

டீயை மேஜையில் வைப்பாள், கரண்டியால் இரண்டு தட்டு தட்டுவாள், போய்விடுவாள். முதலில் சவுண்டுக்கு இது சுகமாகத்தான் இருந்தது. சைக்கிளில் தொடங்கி இரண்டாவது வேன் வரைக்கும் முழுக் கதையையும் குறுக்கீடு இல்லாமல் சொல்லி முடித்தார், அதுவும் கல்யாணமாகி முதல் தடவையாக. சொல்லி முடித்ததும்தான் உறைத்தது: "அது நான் சொன்ன யோசனை", "அன்னைக்கு மழையே பெய்யல" என்று இடையில் வெட்ட ஆள் இல்லாவிட்டால், கதை உப்பு போடாத குழம்பு மாதிரி இருக்கிறது.

ஒருநாள் மச்சான் குடோனுக்கு ஓடி வந்தான். மனைவியின் தம்பி, கடையில் ஒயர் இழுக்கிறவன், மண்டபத்தில் நாள் தவறாமல் ஆஜர்.

"மாமா, அக்கா அடுத்த கூட்டத்துல கரையுறாளாம்!"

"கரையுறதுன்னா? சர்க்கரையாடா அவ?"

"விளையாடாதீங்க மாமா. மேடையில ஏறி மைக்குல கடைசியா ஒரே ஒரு வார்த்தை சொல்லணும். அப்புறம் ஊருக்கு வெளியில அவங்க தங்குற இடத்துக்குக் கூட்டிட்டுப் போயிடுவாங்க. வீடும் கிடையாது, போனும் கிடையாது. திரும்பி வர்றதே இல்ல. பேர் குடுத்துட்டா."

சவுண்டு கையில் இருந்த ஸ்குரூ டிரைவரை எங்கே வைப்பது என்று தெரியாமல் சட்டைப் பையில் தலைகீழாகச் செருகினார். அது பையைக் கிழித்துக்கொண்டு கீழே விழுந்தது.

"இதெல்லாம் மதமே இல்ல மாமா. ஆள் பிடிக்கிற கூட்டம். வாங்க, பெரியவரைப் பார்ப்போம். அவர் ஒரு வழி சொல்வார்."

பெரியவரின் அறையில் ரெக்சின் நாற்காலி, கண்ணாடி அலமாரி நிறைய கேடயங்கள், மேஜையில் மாத்திரை அட்டை. விஷயத்தைக் கேட்டதும் அவருக்குத் துக்கம் வந்திருக்க வேண்டும், வந்தது உற்சாகம்.

"நான் அன்னைக்கே சொன்னேன். அந்த ஆள் குடும்பத்தைப் பிரிக்கிறான். தான் சொல்றதுதான் வேதம்ங்கிறான். யாரையும் கேள்வி கேட்க விடுறதில்ல. இதுவா மதம்?"

"வாஸ்தவம்ங்க," என்றார் சவுண்டு. "ஆனா ஒரு சந்தேகம். நம்ம மண்டபத்தை ஆரம்பிச்சவரும் வீட்டை விட்டுத்தானே வந்தாரு? வருஷா வருஷம் நீங்க அந்தக் கதை சொல்லும்போது மைக் என்னுதுதான். பெண்டாட்டி அழுதுக்கிட்டே பின்னாடி ஓடி வந்தாங்க, அவர் திரும்பிக்கூடப் பார்க்கல, ஊரே பைத்தியம்னு கல்லை விட்டெறிஞ்சுதுன்னு நீங்கதானே சொல்றீங்க?"

"அது தியாகம்."

"அப்ப இது?"

"இது பித்தலாட்டம்."

"பித்தலாட்டம் தியாகமா மாறுறதுக்கு சுமாரா எத்தனை வருஷம் பிடிக்கும்ங்க?"

மச்சான் மேஜைக்கு அடியில் அவர் தொடையைக் கிள்ளினான். பெரியவர் மின்விசிறியைப் பார்த்தார். அது சுற்றிக்கொண்டுதான் இருந்தது.

"சவுண்டு, உமக்கு மைக் வேலை தெரியும். அதை மட்டும் பாரும்," என்றார் கடைசியில். "இவ்வளவு குழப்பம் எதுக்கு? வாயை மூடிக்கிட்டு இருக்கணும்னா உம்ம சம்சாரம் இங்கேயே இருக்கலாமே. நம்ம மண்டபத்துல பொம்பளைங்க எந்தக் காலத்துல வாயைத் திறந்தாங்க?"

இது ஒரு நியாயமான வாதம் என்று அவர் நிஜமாகவே நம்பினார்.

"சரி, நான் ஒண்ணு பண்றேன். அந்த அம்மாவை ஒதுக்கி வைக்கிறோம்னு அறிவிச்சிடுறேன். நம்ம ஆளுங்க யாரும் முகம் கொடுத்துப் பேசக் கூடாது. நீரும்தான். அப்பத்தான் புத்தி வரும்."

"அவளும் பேச மாட்டேங்கிறா. நாங்களும் பேசக் கூடாதுன்னா, அப்புறம் ஜெயிக்கிறது அந்த ஐயாவோட கொள்கைதானேங்க?"

கேள்வி கேட்க விடாதது அந்தக் கூட்டம்தான் என்று சற்று முன் சொன்ன பெரியவர், பேட்டி முடிந்தது என்பதற்கு அடையாளமாக மாத்திரையைப் பிரித்தார்.

வெளியே வந்ததும் சவுண்டு மண்டபத்தின் கல் கூரையை அண்ணாந்து பார்த்தார். படித்தவர்கள் மதம் என்றும் ஆள் பிடிக்கிற கூட்டம் என்றும் பிரிப்பதற்குத் தடித் தடியாய்ப் புத்தகம் எழுதியிருக்கிறார்களாம். சவுண்டுக்குப் பிரித்துப் பார்க்க அந்தக் கூரையே போதுமாக இருந்தது. குரலை உருட்டிப் பெரிதாக்குவது கல்லாக இருந்தால் அருள். குமிழாக இருந்தால் ஏமாற்று. அந்தக் கல்லையும் ஒரு காலத்தில் ஒரு கொத்தனார் இதே எண்ணத்தோடுதான் வளைத்து அடுக்கியிருப்பான். அவனுக்குக் கூலி கிடைத்ததோ இல்லையோ, பெயர் கிடைக்கவில்லை.

"மாமா," மச்சான் குரலைத் தாழ்த்தினான். "நம்ம கையிலயே மருந்து இருக்கு. அன்னைக்கு எக்கோவை எடுத்துடுங்க. அந்த ஆள் மூக்குக் குரல் அப்படியே வெளியில வரட்டும். ஜனம் சிரிச்சிடும், அக்காவும் தெளிஞ்சிடுவா."

"டேய், என் செட்டு மேடையில மக்கர் பண்ணினதா சரித்திரமே கிடையாது."

"உங்களுக்குச் சரித்திரம் வேணுமா, எங்க அக்கா வேணுமா?"

நியாயமாகப் பார்த்தால் இதற்கு அங்கேயே பதில் வந்திருக்க வேண்டும். சவுண்டு யோசித்துச் சொல்வதாகச் சொன்னார்.

அன்று சாயங்காலம் வீட்டில் மனைவி ஒரு சின்னப் பெட்டியில் வெள்ளைத் துணிகளை மடித்து வைத்துக்கொண்டிருந்தாள். சவுண்டு கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"போயிடுவியா?"

அவள் தலையசைத்தாள்.

"உனக்கு என்ன குறை வச்சேன்?" என்று கேட்டார். கேட்டவர் பதிலுக்கு ஒரு மூச்சு இடம் விட்டிருக்கலாம். "வாடகை வீட்டுல வச்சேனா? ஃப்ரிட்ஜு இல்லையா, வாஷிங் மெஷின் இல்லையா? ஒரு கூம்பையும் சைக்கிளையும் வச்சுக்கிட்டு ஒத்தை ஆளா..." என்று சைக்கிளில் ஏறிவிட்டார். இரண்டாவது வேனுக்கு வந்து சேர்வதற்குள் அவள் பெட்டியைப் பூட்டிவிட்டு அடுத்த அறைக்குப் போயிருந்தாள்.

அன்றைக்கு இரவே மச்சானுக்குப் போன் போட்டு, "எக்கோவை எடுத்துடலாம்" என்றார்.

கூட்டத்தன்று கொட்டகை நிரம்பி வழிந்தது. சவுண்டு மேடைக்குப் பக்கவாட்டில் மிக்சரோடு உட்கார்ந்திருந்தார். ஐயா வெள்ளை உடையில் வந்து, மௌனத்தின் மகிமையைப் பற்றி மூச்சு விடாமல் ஆரம்பித்தார். சவுண்டு எக்கோ குமிழைத் திருகிப் பூஜ்யத்தில் நிறுத்தினார். தன் தொழிலின் கழுத்தைத் தானே நெரித்த மாதிரி இருந்தது அவருக்கு.

ஐயாவின் குரல் மூக்கிலிருந்து நேராக வந்து தரையில் விழுந்தது. உருளவில்லை, எழவில்லை. ஜலதோஷம் பிடித்த மனிதன் மோட்டார் விற்கிற குரல்.

மச்சான் சிரிப்புக்காகக் காத்திருந்தான். யாரும் சிரிக்கவில்லை. முன்வரிசைப் பெண்ணொருத்தி பக்கத்திலிருப்பவளின் கையைப் பிடித்தாள். ஒருவன் தேம்பினான். அவனைப் பார்த்து இன்னும் நாலு பேர் தேம்பினார்கள். ஐயா இன்றைக்கு வானத்திலிருந்து பேசாமல் நம் பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிறாராம். முகங்களில் அப்படியொரு பூரிப்பு. வழக்கத்தைவிட ஒரு பங்கு கூடுதலாகவே உருகினார்கள்.

மனைவி போகப்போகிறாள் என்ற பயம் சவுண்டுக்கு ஒரு பக்கம். தான் பிரசவம் பார்த்ததாகச் சொல்லித் திரிந்த குழந்தைக்குத் தான் தேவையே இல்லை என்று தெரிந்துபோன அவமானம் இன்னொரு பக்கம். எது அதிகம் வலித்தது என்று அவரிடம் கேட்காதீர்கள்.

பேச்சு முடிந்து, கரைகிறவர்கள் வரிசையாக மேடையேறினார்கள். ஒருவர் "எல்லாம் ஒன்று" என்று சொல்லி இறங்கினார். இன்னொருவர் "நான் இல்லை" என்றார். நூறு கிலோவுக்குக் குறையாத மனிதர். அடுத்து சவுண்டின் மனைவி. கையில் பெட்டி.

மைக்குக்கு முன்னால் நின்றாள். ஐயா கண்களை மூடி, ஆசி கொடுக்கிற பாவனையில் கையை நீட்டினார். அவள் அவர் பக்கம் திரும்பவே இல்லை. மிக்சர் இருந்த பக்கம் பார்த்தாள்.

"எக்கோ வரல. ஆரம்பத்துலேர்ந்தே வரல. செட்டுல என்ன கோளாறுன்னு பாருங்க," என்றாள், கை தன்னால் உயர்ந்தது.

அத்தனை பேர் இருந்த கொட்டகையில் அதைக் கவனித்தது அந்த ஒருத்திதான். பேசிய ஐயாவுக்கே தெரியவில்லை. கண்ணைத் திறந்து மைக்கைச் சந்தேகமாகப் பார்த்தார்.

சவுண்டு சும்மா இருந்திருக்கலாம். "ஆமா, ஒயர் போச்சு" என்று ஒரு பொய் சொல்லியிருந்தாலும் விஷயம் வெளியே வந்திருக்காது. ஆனால் அவருடைய செட்டைக் கோளாறு என்று ஒருவர், அதுவும் மைக்கில், சொல்வதா? எழுந்து நின்று கத்தினார்.

"என் செட்டுல கோளாறா? கோளாறும் இல்ல, ஒண்ணும் இல்ல. நான்தான் குறைச்சேன்!"

"எதுக்கு?"

அது அவளுடைய இரண்டாவது வாக்கு. வெள்ளை உடைத் தொண்டர்கள் பதறிக்கொண்டு ஓடி வந்தார்கள். ஆனால் பாவம், அவர்களும் மௌனம் ஏற்றவர்கள். வாயில் விரலை வைத்தார்கள், கையை ஆட்டினார்கள், ஒருவன் கும்பிட்டுக்கூடப் பார்த்தான். பேச்சை நிறுத்தச் சொல்லத் தொண்டர்களில் பேச்சு உள்ள ஆள் இல்லை.

"நீ போகக் கூடாதுன்னுதான்!" என்றார் சவுண்டு. குரல் உடைந்துவிட்டது.

"அதை வாயைத் திறந்து சொல்றதுக்கு என்ன? ஊர்ல இருக்கிற கதையெல்லாம் சொல்றீங்க. போகாதேன்னு ஒரு வார்த்தை சொன்னீங்களா? துணியை மடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கேன், வந்து ஃப்ரிட்ஜுக் கதை பேசுறீங்க! ஒத்தை ஆளா வந்தாராம், ஒத்தை ஆளா! கால் கடுக்கக் கடைசி வரிசையில நின்னு கையைத் தூக்கினது யாரு, உங்க சைக்கிளா? ஒரு நாளாவது அது உங்க கதையில வந்திருக்கா?"

பதினாறு ஸ்பீக்கரிலும் இது துல்லியமாகப் போய்க்கொண்டிருந்தது. மிக்சர் சவுண்டின் கைக்கு அடியில்தான் இருந்தது. ஒரு சுழற்று, வால்யூம் போயிருக்கும், மானமும் பிழைத்திருக்கும். அவர் உட்கார்ந்து இரண்டு கைகளையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

ஐயா விற்பனைக்காரர், நிலைமையைக் கையில் எடுக்கப் பார்த்தார். "இந்தச் சகோதரி இன்னும் பக்குவப்படவில்லை..."

"ஐயா, கோவிச்சுக்காதீங்க," என்றாள் அவள். "நீங்க பேசி முடிச்ச அப்புறம் வர்ற ஒரு மணி நேரம் நல்லா இருக்கு. அதுக்குத்தான் வந்தேன். பேச்சுக்கு இல்ல. பேச்சு எங்க வீட்டுலயே நிறைய கிடைக்குது."

மைக்கை ஸ்டாண்டில் சரியாகப் பொருத்தினாள். பெட்டியை எடுத்துக்கொண்டு இறங்கி நேராக வேனில் போய் உட்கார்ந்தாள். வழியெல்லாம் அவள்தான் பேசினாள். சேர்த்து வைத்தது அவ்வளவு இருந்தது. சவுண்டு வண்டி ஓட்டினார்.

அடுத்த வாரமே மண்டபத்தில் பெரியவர் அறிவித்தார்: வழிதவறிய ஆடு தங்கள் இடைவிடாத வேண்டுதலால் பட்டிக்குத் திரும்பிவிட்டது. அவர் வேண்டியதை யாரும் பார்க்கவில்லை. ஆனால் கல் கூரை அதை நாலு தடவை சொன்னதால் நம்ப வேண்டியதாயிற்று. அமைதி இல்லத்தில் ஐயா அறிவித்தது அதைவிட அழகு. அந்தச் சகோதரி போகவில்லையாம், அனுப்பப்பட்டாளாம். கரைதலுக்கும் மேலே இன்னொரு படி இருக்கிறதாம்: 'இரைச்சலின் நடுவே வாழ்தல்'. எல்லோருக்கும் அது வாய்க்காதாம். அதைக் கேட்டதும், வீட்டு ஞாபகம் வந்து தவித்துக்கொண்டிருந்த நாலைந்து பேர் அந்த உயர்ந்த படிக்கு ஏறி, சந்தோஷமாக வீடு போய்ச் சேர்ந்தார்கள். இன்னும் நூறு வருஷம் கழித்து அந்தப் படிக்கு விளக்கவுரை எழுத ஒரு பண்டிதர் வருவார். புருஷன் பெண்டாட்டி சண்டை ஒன்று அதற்கு அடியில் இருப்பது அவருக்கு எங்கே தெரியப்போகிறது?

இரண்டு இடத்திலும் சவுண்டின் செட்டுதான். இரண்டு அறிவிப்பையும் தெளிவாகக் கேட்கும்படி வைத்தார்.

அவள் இப்போதும் வாரம் ஒருமுறை அமைதி இல்லத்துக்குப் போகிறாள், பேச்சு முடிந்த பிறகு. ஐயாவுக்கு அதில் கொஞ்சம் வருத்தம். மற்ற நாட்களில் கடையில் வந்து உட்கார்ந்து சிக்கெடுத்த ஒயரைச் சுருட்டி வைக்கிறாள்.

சென்ற மாதம் செட்டு வாடகைக்குப் பேச வந்த ஒருவர், ஊரெல்லாம் கேள்விப்பட்ட விஷயமாயிற்றே என்று கேட்டுவிட்டார். "ஏன் சவுண்டு, அந்தக் கூட்டத்துலேர்ந்து வீட்டம்மாவை எப்படித்தான் மீட்டுக்கிட்டு வந்தீங்க?"

சவுண்டு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். தொண்டையைச் செருமினார். "அதை ஏன் கேட்கிறீங்க! நான் மட்டும் அன்னைக்கு..."

ஒயர் சுருட்டிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. சுருட்டுவதை மட்டும் நிறுத்தினாள்.

"...இருங்க இருங்க. நீங்க அவகிட்டயே கேளுங்க. அவ சொல்லுவா," என்றார்.

அவள் சொன்னாள். சொன்னதில் மூன்று இடம் தப்பு. சவுண்டு உதட்டைக் கடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்.